சருகுமானுக்குக் கிடைத்த சைக்கிள் பாதை

ஒரு காட்டில் ஒரே ஒரு தார்ச்சாலை இருந்தது. ஒரு முனையில் காட்டெருமை வரதப்பனின் ஜீப் கொட்டகை, மறுமுனையில் கரடி மாசிலாமணியின் தேன்கடை, நடுவில் ஆஸ்பத்திரி. அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் சருகுமான் தெய்வானை. முயலைவிடக் கொஞ்சம்தான் பெரியவள். தினமும் சைக்கிளில் வேலைக்குப் போவாள். தினமும் ஜீப்புகள் அவளைச் சாக்கடை விளிம்புவரை ஒதுக்கிவிட்டுப் போகும்.

போன மழைக்காலத்தில் வரதப்பன், நிறுத்திய ஜீப்பின் கதவைப் பின்னால் பார்க்காமல் திறந்தார். சைக்கிளில் வந்த முயல் கனகு அதில் மோதி விழுந்தாள். ஒரு காது போயிற்று. அதைத் தைத்துவிட முடியுமா என்று தெய்வானை ராத்திரி முழுக்க முயன்றாள். முடியவில்லை. மறுநாள் வரதப்பன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஜீப் கதவில் கீறல் விழுந்துவிட்டதைச் சொல்லி வருத்தப்பட்டுவிட்டுப் போனார்.

தெய்வானைக்கு அன்று புல் இறங்கவில்லை. உட்கார்ந்து மனு எழுதினாள். சைக்கிளுக்குத் தனிப் பாதை வேண்டும், வெள்ளைக்கோடு போட்டால் போதாது, ஜீப் ஏற முடியாதபடி கல் தடுப்பு வேண்டும். வளை வளையாக, புதர் புதராக அலைந்து நானூறு பேரின் பாதத்தடம் வாங்கினாள்.

இன்ஜினியர் நாரை சந்தானகிருஷ்ணன் மனுவை ஒற்றைக்காலில் நின்றபடியே படித்தார்.

"அருமையான யோசனைம்மா. நாளைக்கே போட்டுடலாம். ஆனா பாருங்க, மக்கள் கருத்தைக் கேட்காம ஒரு கல்லைக்கூட நாங்க நகர்த்தறதில்லை."

"நானூறு பேர் கருத்து அதுலயே இருக்குங்களே."

"அது மனு. கருத்துன்னா கூட்டத்துல வந்து சொல்லணும்."

கூட்டம் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, மலையுச்சி மண்டபத்தில். நானூறு பேரும் அந்நேரம் பிழைப்பைப் பார்க்கப் போயிருந்தார்கள். தெய்வானை லீவு போட்டாள். அந்த ஏற்றத்தில் சைக்கிளை மிதிக்க முடியாது, தள்ளிக்கொண்டே போனாள். மண்டபத்து வாசலில் ஜீப்புகள் வரிசையாக நின்றன. சைக்கிள் அவளுடையது ஒன்றுதான்.

நாரை ஒரு பெரிய வரைபடத்தை விரித்தார். எல்லோருக்கும் கலர் பென்சிலும் வடையும் கொடுத்தார்கள்.

"கல் தடுப்பு நல்லா உயரமா இருக்கட்டும்," என்றார் வரதப்பன். தெய்வானைக்கு நம்ப முடியவில்லை. "என் ஜீப்புல யாரும் வந்து இடிக்கக் கூடாது பாருங்க."

மாசிலாமணி எழுந்தார். "என் கடை முன்னாடி பாதைக்கு வாசல் வெச்சா, சைக்கிளெல்லாம் அங்கதான் வந்து குவியும். ஜீப்புல வர்ற கௌரவமான வாடிக்கையாளர் எங்க நிறுத்துவார்? இந்தப் பக்கத்தை அடைச்சுடுங்க."

"அப்ப என் கொட்டகைப் பக்கம் மட்டும் திறந்திருக்கணுமா?" என்றார் வரதப்பன். "அதையும் அடைங்க. எல்லாருக்கும் ஒரே நியாயம்."

நடுவில் இடைவெளி விட்டால் சுவரின் அழகு கெடும் என்று ஒரு மயில் சொன்னது. அந்தச் சாலைக்கு அது வந்ததே இல்லை. நாரை எல்லாவற்றையும் வரைபடத்தில் வரைந்தார்.

தெய்வானை மெல்ல எழுந்தாள். "அப்ப உள்ள எப்படிங்க போறது?"

நாரை அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். "முக்கியமான பாயிண்ட். குறிச்சுக்கிறேன்."

உண்மையாகவே குறித்துக்கொண்டார். தான் சொன்னதை ஓர் அதிகாரி எழுதுவதை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில், திட்டத்துக்குச் சம்மதம் கேட்டபோது அவளும் குளம்பைத் தூக்கிவிட்டாள்.

மூன்று மாதத்தில் பாதை தயார். வழவழப்பான தரை, இரண்டு பக்கமும் ஆளுயரக் கருங்கல் சுவர், இரண்டு முனையிலும் அதே சுவர். ரிப்பனைச் சுவருக்கு வெளியே கட்டி வெட்டினார்கள். ஒரு வருடம் ஓடியும் அந்தப் பாதையில் ஒரு விபத்துகூட நடக்கவில்லை. பக்கத்துக் காட்டிலிருந்து வந்து நாரைக்கு விருது கொடுத்தார்கள்.

பாதைக்கு எடுத்த இடம், முன்பு சைக்கிள்கள் ஒதுங்கிப் போன ஓரம். இப்போது மிச்சமிருந்த சாலையில் ஜீப்பும் சைக்கிளும் உரசிக்கொண்டு போயின. ஒரு நாள் காலை வரதப்பனின் ஜீப் தெய்வானையைச் சுவரோடு சேர்த்து நசுக்கிவிட்டுப் போனது. பின்னங்கால் இரண்டாக முறிந்தது. அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே அவளைப் படுக்க வைத்தார்கள். விசாரணை ஒரே நாளில் முடிந்தது. பாதுகாப்பான பாதை இருக்கும்போது சாலையில் சென்றது சருகுமானின் குற்றம்.

ஊன்றுகோலோடு அவள் நாரையிடம் போனாள்.

"அன்னைக்கே கேட்டேனே, உள்ள எப்படிப் போறதுன்னு."

"கேட்டீங்க. அதை விடுவோமா?" நாரை அறிக்கையைப் புரட்டி நாற்பத்தோராம் பக்கத்தைக் காட்டினார். 'உள்ளே செல்வது எப்படி எனப் பயனாளர் ஒருவர் வினவினார். அவருடைய ஆர்வம் பாராட்டப்பட்டது.'

தெய்வானை அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வாயைத் திறப்பதற்குள் நாரை குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அடுத்த பாதைக்கு ஆலோசனைக் குழு போடறோம். பயனாளர் பிரதிநிதியா நீங்கதான் வரணும். இந்தக் காலோட நீங்க மிதிக்க வேண்டாம். அழைச்சிட்டுப் போக ஜீப் அனுப்பறோம்."

அவள் இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் கால் மிகவும் வலித்தது. சரி என்றாள்.

ஜீப்பில் மெத்தை இருந்தது, ஏசி இருந்தது. முதல் கூட்டத்துக்குப் போகிற வழியில் முன்னால் ஒரு சைக்கிள் தடுமாறிக்கொண்டு போயிற்று. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தான். கூட்டத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. தெய்வானை கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தாள். முயல் கனகு. இருக்கிற ஒரு காதும் பயத்தில் மடங்கிக் கிடந்தது.

"ஏம்மா, இவ்வளவு பாடுபட்டுப் பாதை போட்டுக் கொடுத்திருக்கு," என்றாள் தெய்வானை. "அதுல போனா என்ன?"

கனகு சுவரைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள். "எப்படிக்கா போறது?"

தெய்வானை கண்ணாடியை ஏற்றிவிட்டாள். ஏசி வெளியே போய்க்கொண்டிருந்தது.

நீதி: பாதை கேட்டுப் போராடினால் ஜீப் கிடைக்கும். ஆகவே, ஜீப் வேண்டுவோர் சைக்கிளுக்காகக் குரல் கொடுக்கத் தயங்கக் கூடாது.