எந்தப் பக்கம் நின்னுக்கினு?

கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டு ஃபேனைக் கழற்றி மாட்டிக் கெத்துக் காட்டாத எலக்ட்ரிகல்காரன் உண்டா? நானும் ஃபேனோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இன்றுவரை என் வீட்டில் நான் சொல்லும் எதையும் யாரும் உடனே நம்புவதில்லை என்றால், அதற்கு அந்த ஒரு சனிக்கிழமைதான் காரணம்.

நான் தாமல் ஊர்க்காரன். டிப்ளமோ முடித்து, ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை. மனைவி எஸ்தர் பெரிய காஞ்சிபுரத்தில் பாவு ஓட்டுகிறவள். தறியில் ஏற்ற வேண்டிய பட்டு இழைகளை நீளவாக்கில் ஒன்றுசேர்த்துத் தருகிற வேலை அது. சொந்தமாக மிஷின் போட்டு அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது. எங்கள் கல்யாணத்துக்கும் அதே மூன்று மாதம்தான். (இரண்டில் எதன்மேல் அவளுக்குப் பாசம் அதிகம் என்று நான் கேட்டதில்லை. பதில் தெரிந்த கேள்வியை எதற்குக் கேட்பது?)

மிஷின் என்றால், படுத்தவாக்கில் ஒரு பெரிய டிரம். அதைச் சுற்ற ஒரு சிங்கிள் பேஸ் மோட்டார். சுவிட்சை 'முன்' என்று வைத்தால் இழை டிரம்மில் ஏறும். 'பின்' என்று வைத்தால் இறங்கும்.

அந்த வாரம் பாதிப் பாவு ஏறியிருக்கும்போது மோட்டார் புகைந்துவிட்டது. பாவு முனுசாமி அண்ணனுடையது. அடுத்த தெரு நெசவாளர். வருஷக்கணக்காக வேறு இடத்தில் ஓட்டிக்கொண்டிருந்தவரிடம் எஸ்தர் நடையாய் நடந்து வாங்கிய முதல் பாவு அது. இதில் சொதப்பினால் அவர் மட்டுமல்ல, அவர் தெருவே எங்கள் பக்கம் திரும்பாது என்று அவளுக்கு ஒரே கவலை. அங்கே அவர் தறி வேறு காலியாகக் கிடந்தது.

மோட்டாருக்குக் காயில் கட்டிக் கொடுத்தவர் நான்கு ஒயரையும் ஒரே நிறத்தில் விட்டுவிட்டு, சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டார். போனையும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை அவரே வந்து மாட்டட்டும் என்றாள் எஸ்தர். எங்கள் தொழிற்சாலையில் இதைவிடப் பத்து மடங்கு பெரிய மோட்டாரெல்லாம் பார்க்கிறவன் நான் என்றேன். (பார்ப்பது உண்மை. பெரும்பாலும் தூரத்திலிருந்து.)

மீட்டரை வைத்து, ரன்னிங் காயிலுக்கு இரண்டு, ஸ்டார்ட்டிங் காயிலுக்கு இரண்டு என்று ஒயர்களைப் பிரித்து மாட்டினேன். டிரம் சுற்றிவிடக் கூடாது என்று பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டிப் பார்த்தேன். அதுவரைக்கும் நான் புத்திசாலிதான், ஒத்துக்கொள்ள வேண்டும். முன்பக்கம் எஸ்தருக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால், 'முன்' என்று வைத்ததற்கு, பெல்ட் மாட்டும் புல்லி தலைகீழாகச் சுற்றியது.

இதெல்லாம் ஒரு விஷயமா? தொழிற்சாலையில் த்ரீ பேஸ் மோட்டார் தலைகீழாகச் சுற்றினால், வருகிற மூன்று லைனில் ஏதாவது இரண்டை மாற்றிப் போடுவோம், திரும்பிவிடும். இங்கே வருவதே இரண்டு. அந்த இரண்டையும் மாற்றினால் போயிற்று. மோட்டாருக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் புகுந்து, குந்தி உட்கார்ந்து மாற்றினேன். அங்கிருந்தபடியே போடச் சொன்னேன். ஆகா, புல்லி திரும்பிவிட்டது!

எஸ்தர் அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, "எனக்கென்னமோ மாறினாப்புல தெரியலியேங்க" என்றாள்.

"நீ அங்கருந்து பாத்தா உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

இந்த ஒரு வாக்கியத்தைப் பேசிய வாயை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பெல்ட்டை மாட்டினேன். சத்தம் கேட்டு முனுசாமி அண்ணனும் கையில் டீ கிளாஸோடு வந்து நின்றார். பார்க்க ஆள் வந்துவிட்டது என்கிற தெம்பில் சுவிட்சை நானே 'முன்' என்று வைத்தேன். டிரம் கம்பீரமாகப் பின்னால் சுற்றியது. விறைப்பாக நின்ற இழைகள் தொய்ந்து, இடியாப்பம் பிழிந்ததுபோல் தரையில் விழுந்தன. பதறிப்போய் சுவிட்சை 'பின்' என்று திருப்பினேன். மோட்டார் என்னைச் சட்டையே செய்யவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் அந்த மாதிரி மோட்டாரை முழுசாக நிறுத்தாமல் திருப்பினால் அது பாட்டுக்குப் போன வழியிலேயே போகும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். எஸ்தர்தான் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினாள்.

முனுசாமி அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஏம்பா தாமல் மாப்ளே, பாவ ஏத்தத்தானே சொன்னேன். எறக்கச் சொல்லலியே."

எஸ்தர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் தாழ்ந்த குரலில், "எந்தப் பக்கம் நின்னுக்கினு பாத்தீங்க?" என்று கேட்டாள். சந்தைக் காட்டினேன். பெல்ட்டை மறுபடி கழற்றி, புல்லியைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே, என்னை முன்பக்கம் நிற்கவைத்தாள். பிறகு சந்துக்குள் போகச் சொன்னாள். அதே புல்லி, அதே சுற்று. அங்கிருந்து பார்த்தால் வலம், இங்கிருந்து பார்த்தால் இடம்.

ஒயரை மாற்றியதால் ஒன்றுமே மாறவில்லை. மாறியது நான் நின்ற இடம் மட்டும்தான். வெட்கத்தில் அந்தச் சந்தை விட்டு வெளியே வரவே மனசில்லை.

உள்ளே இருந்தபடியே நடந்ததைச் சொன்னேன். லைனை மாற்றினால் இரண்டு காயிலும் சேர்ந்தே திரும்பிவிடுகின்றன போலிருக்கிறது என்றேன். டிப்ளமோ படிக்காத எஸ்தர், "ரெண்டும் ஒண்ணா திரும்பிக்கினா அப்புறம் என்ன மாறும்? ஒண்ணுதான் திரும்பணும்" என்றாள். ஸ்டார்ட்டிங் காயிலின் இரண்டு முனைகளை மட்டும் மாற்றினேன். மோட்டார் ஒழுங்காகச் சுற்றியது. இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று பார்த்து உறுதி செய்தோம். எஸ்தர் தன் சிவப்பு நகப்பூச்சை எடுத்துவந்து மோட்டார்மேல் பெரிதாக ஒரு அம்புக்குறி போட்டாள்.

சிக்கெடுக்க அன்று சாயங்காலம் முழுக்கவும், மறுநாள் சர்ச்சுக்குப் போய்வந்த பிறகும் ஆனது. அறுந்த இழைகளை எஸ்தர் ஒவ்வொன்றாகப் பிணைத்தாள். என் வேலை, இரண்டு கைகளையும் நீட்டி இழையைத் தாங்கிக்கொண்டு சும்மா இருப்பது. முனுசாமி அண்ணன் கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று பயந்துகொண்டே இருந்தோம். அவர் போகவில்லை. கூடவே உட்கார்ந்து சிக்கெடுத்தார். அடுத்த பாவையும் எஸ்தருக்கே கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை: மாப்பிள்ளை வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து ஓட்ட வேண்டும்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் எதை அடித்துச் சொன்னாலும் இதே கேள்விதான். சாம்பாரில் உப்பு இல்லை என்றாலும், மச்சினனுக்கு விவரம் பத்தாது என்றாலும், "எந்தப் பக்கம் நின்னுக்கினு சொல்றீங்க?"

போன வருஷம் எனக்கு ஓசூரில் பெரிய வேலையாக ஒன்று வந்தது. மிஷினை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு போய்விடலாம் என்று நானே முடிவு செய்துவிட்டேன். இதில் பேச என்ன இருக்கிறது என்று கேட்டேன். எஸ்தர் சண்டை போடவில்லை. என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து, நான் பார்க்கும் பக்கமே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

"இங்கருந்து பாத்தா நீங்க சொல்றது சரியாத்தான் இருக்குது" என்றாள். "கொஞ்சம் அந்தப் பக்கமும் வந்து பாருங்க."

போனேன். டிரம்முக்கு அந்தப் பக்கம், அவள் தினமும் நிற்கும் இடத்தில் தரை வழவழவென்று தேய்ந்திருந்தது. அலமாரியில் ஏழு பேருடைய பட்டு, பெயர் எழுதிக் காத்துக்கொண்டிருந்தது. அந்தச் சனிக்கிழமை மோட்டாரைப் பார்த்ததைத் தவிர, இத்தனை வருஷத்தில் நான் அங்கே நின்று எதையும் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஓசூருக்குப் போகவில்லை. நன்றாக யோசித்துத்தான் முடிவு எடுத்தேன் என்று முனுசாமி அண்ணனிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லதுதான் மாப்ளே" என்றார். "எஸ்தரு எந்தப் பக்கம் நின்னுக்கினு இருந்துச்சு?"