'தி' பற்றிப் பேசாமல் இருந்த ஒரு மணி நேரம்

அன்புள்ள மச்சான் யாக்கூபுக்கு, சிங்கப்பூர் தோ பாயோவிலிருந்து சேக் தாவூது சலாத்துடன் எழுதுவது. இறைவன் கிருபையில் இங்கே எல்லோரும் சுகம். உங்கள் மூட்டுவலி இப்போது எந்தக் காலில் இருக்கிறது என்று எழுதவும்.

மச்சான், ஓய்வு பெற்றதிலிருந்து நான் ஆங்கிலத்தின் 'தி' என்ற சொல்லை ஆராய்கிறேன் அல்லவா? அடேயப்பா, என்ன சொல் அது! ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அதற்கு ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, அஃறிணைக்கு ஒன்று என்று மூன்று உருவமாம். எல்லாம் தேய்ந்து ஒன்றாகிவிட்டது. 'தி மோர் தி பெட்டர்' என்கிறோமே, அந்த 'தி' வந்த வழியே வேறாம்! இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. போன ஞாயிறு நம் அஃப்னாவைப் பெண் பார்க்கச் செங்காங்கிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. உங்கள் தங்கச்சி ஜரீனா, "இங்க பாருங்க, அவங்க முன்னால அந்த 'தி'ய எடுத்தீங்கன்னா உங்க நோட்டையெல்லாம் குப்பையில போட்டுருவேன்" என்று சத்தியம் வாங்கிவிட்டாள்.

வந்தார்கள். மாப்பிள்ளை ரஃபீக் தங்கமான பையன், அஃப்னாவுக்கும் பிடித்துப்போனது. நான் வாயைத் திறந்தால் 'தி'தான் வரும், அதனால் திறக்கவே இல்லை. மாப்பிள்ளையின் வாப்பா ஃபாரூக் பாய் எதைக் கேட்டாலும் தலையாட்டினேன். ஒரு மணி நேரம்! பெண்ணைப் பெற்றவன் உம்மென்று உட்கார்ந்திருந்தால் சம்பந்தம் பிடிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? "ஃபோன் பண்றோம்" என்று எழுந்து போனவர்கள் பண்ணவே இல்லை. அஃப்னா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "நீங்க பேசினாலும் கெடுது, பேசாட்டியும் கெடுது லா, வாப்பா!" என்று ஒரே அழுகை.

நேற்று நானே எம்ஆர்டி ரயில் பிடித்துச் செங்காங் போனேன். கதவு திறந்ததும், "பாய், உங்களைப் பிடிக்காம இல்ல, 'தி'யப் பத்திப் பேசக்கூடாதுன்னு வீட்டுல ஆர்டர்" என்று போட்டு உடைத்தேன். "என்ன 'தி'?" என்றார். அவ்வளவுதான்! மூன்று மணி நேரம் பேசினேன். மனுஷன் கண் இமைக்காமல் கேட்டுவிட்டு, "அடுத்த மாசமே நிக்காஹ் வச்சிருவோம்" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். ஒருவர் ஆசையாக ஆராய்ந்ததை உட்கார்ந்து கேட்காதவர்கள் மனுஷர்களே இல்லை என்று உங்கள் தங்கச்சிக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் என் சலாம், பிள்ளைகளுக்கு துஆ.

இப்படிக்கு,
சேக் தாவூது

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஃபாரூக் பாய் வந்துவிட்டார். பதினோரு வருஷமாக 'அண்ட்' என்ற சொல்லை ஆராய்கிறாராம், கேட்க ஆளே கிடைக்கவில்லையாம். காலையில் ஆரம்பித்தவர் அஸர் தொழுகை நேரம் ஆகியும் முன்னுரையை முடிக்கவில்லை. ஜரீனா அவருக்கு நாலாவது டீயைக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். இதை பாத்ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாளையும் வருவாராம். மச்சான், நிக்காஹ் வரைக்கும் நான் ஈப்போவுக்கு வந்து உங்களோடு தங்கிக்கொள்கிறேனே?