ஆல்ப்ஸ் மலையில் பார்டர் தேடியவன்

மலேசியாவின் ஜொகூர்க்காரனுக்கு வெளிநாடு என்றால் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூர். விடிவதற்கு முன் வெளிநாடு போய், வேலை முடிந்து, சோறு ஆறுவதற்குள் தாய்நாடு திரும்பிவிட வேண்டும் என்று தினமும் பிரார்த்திக்கிற கூட்டம் நாங்கள். (லண்டன் போய்வந்தவன்கூட எங்கள் அளவுக்கு வெளிநாடு போயிருக்க மாட்டான். ஆனாலும் எங்களுக்கு யாரும் மாலை போடுவதில்லை.) நான் தம்போயிலிருந்து மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர்த் தொழிற்சாலை ஒன்றுக்குப் போய்வருகிறவன். எந்த வரிசை நகரும், எந்த வரிசை நகர்வதுபோல நடிக்கும், எந்த அதிகாரி முகத்தையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. எல்லை கடப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்றே நினைத்திருந்தேன். வேறு எந்த விஷயத்தில் எனக்கு அறிவு உண்டு என்று மனைவி ஸ்டெல்லாவிடம் ஒருமுறை கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த ஒரே அறிவும் ஐரோப்பாவில் எனக்குக் குழி பறித்தது.

கல்யாணமாகிப் பல வருடம் எங்களுக்குக் குழந்தை இல்லை. ரெங்கத்தில், ஸ்டெல்லா பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்துக் கோயிலில், அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று அவள் நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிறந்தால் இத்தாலியில் இருக்கும் பதுவை நகருக்கே அழைத்துவந்து உங்கள் கல்லறையைத் தொட வைக்கிறேன் என்று. மற்ற பெண்கள் மெழுகுவர்த்தி, மிஞ்சிப்போனால் ஒரு மொட்டை என்று நிறுத்திக்கொள்வார்கள். இவள் விமான டிக்கெட்டோடு நேர்ந்துவிட்டாள். அந்தோணியாரும் சும்மா இருக்கவில்லை. மறு வருடமே மகள் பிறந்தாள். அந்தோணியம்மாள் என்று பெயர் வைத்தோம். (பள்ளியில் அவள் ஆன்யா. முழுப் பெயர் தெரிந்த ஆசிரியர்கள் மாற்றலாகிப் போகும் நாள் அவளுக்குத் திருநாள்.) அவளுக்குப் பின்னால் ரூபன், எந்த நேர்த்திக்கடனும் இல்லாமல் இலவச இணைப்பாக வந்தான்.

மகளுக்குப் பதினொரு வயதாகியும் கடன் அப்படியே நின்றது. அவளுக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம் ஸ்டெல்லா என்னைத்தான் பார்ப்பாள், என்னவோ கிருமியைக் கூட்டிவந்து விட்டவன் நான் என்பதுபோல. சில வருடங்களுக்கு முன் பள்ளி விடுமுறையில் ஒருவழியாகக் கிளம்பினோம். அவ்வளவு தூரம் போகிறோமே, ஒரு கல்லறையை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் தொழிற்சாலையில் என்ன சொல்வது? ஆகவே பாரிஸ், சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா என்று முன்னால் வரிசையாகச் சேர்த்து, அந்தோணியாரைக் கடைசி நாளுக்குத் தள்ளினேன். பாரிஸில் அந்த இரும்புக் கோபுரத்தின் கீழே நின்று ஸ்டெல்லா சொன்னாள், “அந்தோணியார் காத்துக்கிட்டு இருக்காரு.” சுவிட்சர்லாந்தில் பனிமலை உச்சியில் நின்றும் அதையேதான் சொன்னாள். ரூபனோ ஊர் ஊராகக் கழிப்பறைகளை ஆராய்ந்து, எங்கே காசு கேட்கிறார்கள், எங்கே கேட்கவில்லை என்பதை வைத்து நாடுகளுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டு வந்தான்.

அதுவரை நாடு விட்டு நாடு ரயிலில் தூங்கிக்கொண்டே போனதால் எந்த எல்லையையும் நான் பார்த்திருக்கவில்லை. கடைசி நாள் திட்டம் சுலபமானது. ஆஸ்திரியாவில் இன்ஸ்புரூக்கிலிருந்து வாடகைக் காரில் கிளம்பி, மலையைக் கடந்து இத்தாலிக்குள் இறங்கி, பதுவையில் கல்லைத் தொட்டுவிட்டு, பக்கத்திலிருக்கும் வெனிஸில் மாலை விமானம். நாலு நாலரை மணி நேரப் பயணம்.

“எட்டு மணிக்குக் கெளம்பலாங்க. ஓட்டல்ல காலையில பசியாற குடுக்கிறாங்க, காசு கட்டியாச்சு” என்றாள் ஸ்டெல்லா.

நான் சிரித்தேன். பாவம், இவளுக்கு என்ன தெரியும்? பள்ளி விடுமுறை. சனிக்கிழமை. நடுவில் ஒரு பார்டர். இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஜொகூரில் பிறந்த பூனைக்குட்டிக்கும் தெரியும். விடியற்காலை நாலு மணிக்கு வண்டி நகர வேண்டும் என்று உத்தரவு போட்டேன். ஓட்டல் வரவேற்பில் இருந்த பெண்ணிடம், சனிக்கிழமைகளில் எல்லையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று ஒரு தொழில் நிபுணர் இன்னொருவரிடம் கேட்பதுபோல விசாரித்தேன். அவள் எந்த எல்லை என்று கேட்டாள். சின்னப் பெண், பாலம் தாண்டி வேலைக்குப் போய்ப் பழக்கமில்லை என்று மன்னித்து விட்டுவிட்டேன்.

நாலு மணிக்குக் கிளம்பினோம். ஸ்டெல்லா சாப்பிடாத பசியாறலை நினைத்துப் பெருமூச்சு விட்டாள். பிள்ளைகள் பாதித் தூக்கத்தில் இருந்தார்கள். மலையேறத் தொடங்கியதும் எல்லைக்கான ஒழுங்குமுறைகளை அறிவித்தேன். தொப்பியைக் கழற்றணும். பாஸ்போர்ட்டைப் படம் இருக்கிற பக்கத்தில் திறந்து கையில் பிடிக்கணும். நாலு கண்ணாடியையும் இறக்கணும். சிரிக்கக் கூடாது, பேசக் கூடாது. ஆன்யாவிடம் இருந்த சூயிங் கம் முழுவதையும் வாங்கி முன்னெச்சரிக்கையாகக் குப்பையில் போட்டேன். (சூயிங் கம்முக்குத் தடை சிங்கப்பூரில்தானே, இத்தாலிக்காரனுக்கு அதில் என்ன கோபம் என்று அவள் கேட்டாள். அவள் பக்கத்து ஜன்னலை இன்னும் கொஞ்சம் இறக்கச் சொன்னேன்.)

ஆல்ப்ஸ் மலையின் விடியற்காலைக் குளிர் நாலு ஜன்னல் வழியாகவும் உள்ளே வந்தது. பாஸ்போர்ட் பிடித்த கைகள் நடுங்கின. சாலையோரம் நீலப் பலகைகள் வந்தன, போயின. பழைய கட்டடங்கள் சில வந்தன, போயின. ஒரு விளக்குகூட எரியவில்லை. கொஞ்ச தூரத்தில் வரிசையாகச் சாவடிகள் தெரிந்தன. வந்துவிட்டது பார்டர். மோட்டார் சைக்கிளுக்குத் தனி வழி இருக்கிறதா என்று பழக்க தோஷத்தில் தேடிவிட்டு ஒரு சாவடியில் நிறுத்தினேன். ஆள் இல்லை, இயந்திரம் மட்டும். நாலு பாஸ்போர்ட்டையும் நீட்டினேன். எங்கே செருகுவது என்று தெரியவில்லை. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்தார். அதற்குள் இயந்திரமே ஒரு சீட்டைத் துப்பியது, தடுப்பு உயர்ந்தது.

ஆஸ்திரியாவை விட்டு வெளியேறியாயிற்று என்று குடும்பத்துக்கு விளக்கினேன். நம்மூர் மாதிரிதான், முதலில் வெளியே விடுவான், அப்புறம் அந்தப் பக்கத்துக்காரன் உள்ளே விடுவான். சீட்டைப் பத்திரமாக என் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டு, இத்தாலிக்காரனின் குடிநுழைவு முகப்பைத் தேடி ஓட்டினேன். ஜன்னல்கள் இறங்கியே இருந்தன. ஓட்டினேன், ஓட்டினேன், பொழுது நன்றாக விடிந்தது, திராட்சைத் தோட்டங்கள் வந்தன. முகப்பு மட்டும் வரவில்லை. பாலம் கொஞ்சம் நீளம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பெட்ரோல் நிலையம் ஒன்றில் காப்பி வாங்க நிறுத்தியபோதுதான் ஆன்யா வாயைத் திறந்தாள்.

“அப்பா, நாம இத்தாலிக்குள்ள வந்து ரொம்ப நேரமாச்சு. என் போன்ல வெல்கம் மெசேஜ் அந்த மலை மேலயே வந்துருச்சு.”

“அப்பவே ஏன் சொல்லல?”

“நீங்கதான பார்டர்ல யாரும் பேசக்கூடாதுன்னு சொன்னீங்க.”

காப்பியை மறந்துவிட்டேன். மாசாயில் இருக்கும் என் நண்பன் முருகையா ஒருமுறை தடுப்பு திறந்திருக்கிறதே என்று சிங்கப்பூர் முகப்பில் நிற்காமல் போய்விட்டு, நாள் முழுவதும் ஓர் அறையில் உட்கார்ந்து விளக்கம் சொன்னவன். அவன் ஒற்றை ஆள். நானோ மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஒரு நாட்டுக்குள்ளேயே திருட்டுத்தனமாக நுழைந்துவிட்டேன். மாலையில் விமான நிலையத்தில் பிடிப்பார்கள். குடும்பத்தோடு சிறை. அங்கே பாஸ்தாதான் போடுவார்கள். திரும்பிப் போய்ப் பாஸ்போர்ட்டில் முத்திரைச் சாப் அடித்துக்கொண்டு வருவதுதான் ஒரே வழி என்றேன்.

ஸ்டெல்லா முதலில் நல்லபடியாகத்தான் சொன்னாள். “யாருமே கேக்கலையே லா. நேரா கோயிலுக்குப் போயிருவோம்.”

“உள்ள வர்றப்ப கேக்க மாட்டான். வெளிய போறப்பதான் கேப்பான். எனக்குத் தெரியாதா? தினமும் போறவன் நானு.”

ஸ்டெல்லா கழுத்துச் சங்கிலியில் இருந்த அந்தோணியார் மெடலைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து நான் கண்ட எல்லாக் கோபத்தையும்விட அந்த மௌனம் எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் வண்டியைத் திருப்பினேன். நிபுணன் அல்லவா?

வந்த வழியே மேலே ஏறினோம். அதே சாவடியில், நான் பாஸ்போர்ட்டுக்குள் பொத்திப் பொத்தி வைத்திருந்த சீட்டை வாங்கிக்கொண்டு இயந்திரம் சாலைக் கட்டணம் கேட்டது. நம்மூர் டோல் மாதிரி டோல். பின்சீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய அவமானம்.

மலை உச்சியில், ஒரு காலத்தில் எல்லைச் சாவடியாக இருந்த இடத்தில், இப்போது துணிக்கடையும் செருப்புக்கடையும் இருந்தன. பூட்டிக் கிடந்த ஒரு பழைய கட்டடத்தின் கதவைத் தட்டிப் பார்த்தேன். (ஆமாம், தட்டினேன்.) பக்கத்துக் காப்பிக் கடையில் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். கடவுளைக் கண்டதுபோல ஓடி, நாலு பாஸ்போர்ட்டையும் அவர் காப்பிக்குப் பக்கத்தில் வைத்தேன். ஆஸ்திரியாவுக்குப் போக வேண்டுமா என்று கேட்டார். இல்லை, இத்தாலிக்கு என்றேன். இத்தாலியில்தான் நிற்கிறீர்கள் என்றார். யாருமே சோதிக்கவில்லையே என்று முறையிட்டேன். பாரிஸில் இறங்கியபோது அடித்த முத்திரையைக் காட்டி, இது போதும், நடுவில் எல்லையெல்லாம் எடுத்துவிட்டோம் என்று பொறுமையாகச் சொன்னார். அப்படியும் நான் நகராமல் நிற்கவே, என் திருப்திக்காக நாலு பாஸ்போர்ட்டையும் புரட்டி, நாலு முகத்தையும் பார்த்து, தலையை ஆட்டினார். ரூபன் கழிப்பறைக்கு வழி கேட்டான். அங்கே காசு கேட்கவில்லை. அன்றைக்கு எங்கள் குடும்பத்தில் இத்தாலிக்கு முழு மதிப்பெண் கொடுத்தவன் அவன் ஒருவன்தான்.

மறுபடி இறங்கினோம். இதற்குள் ஐரோப்பாவே பசியாறிவிட்டுக் கடற்கரைக்குக் கிளம்பியிருந்தது. சனிக்கிழமை ஜாம் பற்றி நான் சொன்னது அட்சரம் பிசகாமல் உண்மை. இரண்டு பாதையிலும் கார்கள், கூரையில் சைக்கிள்கள், ஜன்னலில் நாய்கள். நாலு மணிக்கே எழுந்து அந்த ஜாமைத் தோற்கடித்தவன் நான். பிறகு திரும்பிப் போய், அதன் வாலைத் தேடிப்பிடித்து ஒட்டிக்கொண்டவனும் நானே.

வெயில் ஏறியது, நகர்ந்தோம், நின்றோம். விமானத்துக்கு முன்னால் பதுவையில் நிற்க நேரம் இருக்குமா என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். ஸ்டெல்லா ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். எத்தனையோ வருடமாக அவள் சுமந்துவந்த ஒரே ஆசை. இரட்டை வேலை நேரம் பார்த்து, சீட்டுக் கட்டிச் சேர்த்த பயணம். கோயிலுக்குப் போகாமல் விமானம் ஏற வேண்டி வந்தால் இந்தப் பெண்ணின் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று எனக்கு அழுகையே வந்தது. அழுதால் வண்டி ஓட்ட முடியாது என்பதால் அழவில்லை.

பதுவைக்குள் நுழைந்து, கோபுரங்கள் தெரிந்தபோது கார் நிறுத்த இடமே இல்லை. தேடவும் நேரமில்லை. ஒரு சந்து முனையில் மூவரையும் இறக்கிவிட்டேன். ஸ்டெல்லா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். நாற்பதைத் தாண்டிய என் மனைவி அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. ரூபன் பின்னால் ஓடினான். நான் அந்தோணியாரைக் காரிலேயே சுற்றினேன். நம்மூரில் தேர் சுற்றும், சாமி உள்ளே இருக்கும். இங்கே சாமி நின்ற இடத்தில் நிற்க, தேரோட்டி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தான்.

எத்தனையாவது சுற்றோ, சந்து முனையில் மூவரும் நின்றார்கள். ஸ்டெல்லாவின் கண்கள் சிவந்திருந்தன, முகம் தெளிந்திருந்தது. உள்ளே நீண்ட வரிசையாம். மூச்சிரைக்க நின்ற இவளையும் பிள்ளைகளையும் பார்த்து, முன்னால் நின்ற ஒரு வயதான இத்தாலிய அம்மாள் என்ன ஏது என்று கேட்காமல் தன் இடத்தை விட்டுக் கொடுத்தாராம். மகள் கல்லைத் தொட்டுவிட்டாள். கடன் தீர்ந்தது. கார் நகர்ந்ததும், என்ன வேண்டிக்கொண்டாய் என்று ஆன்யாவிடம் கேட்டேன்.

“அந்தோணியார் காணாப்போன சாமான் எல்லாம் கண்டுபிடிச்சுக் குடுப்பாருல்ல? அதான், எங்க அப்பாவோட பார்டரைக் கண்டுபிடிச்சுக் குடுங்கன்னு கேட்டேன்.”

காலையிலிருந்து பேசாதிருந்த ஸ்டெல்லா சிரித்தாள். கண்ணீர் வரும்வரை, இருமல் வரும்வரை சிரித்தாள். நானும் சிரித்தேன், தண்டனை குறைந்த கைதியைப் போல. விமான நிலையத்தில் அதிகாரி ஒரு கேள்விகூடக் கேட்காமல் முத்திரை குத்தினார். சார், உண்மையில் என்ன நடந்தது என்றால், என்று நான் ஆரம்பித்தபோது ஸ்டெல்லா என் காலை மிதித்தாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சடங்கு. நெடுஞ்சாலையில் பக்கத்து மலாக்கா மாநிலத்தின் வரவேற்புப் பலகை தெரிந்ததும் நாலு கண்ணாடியும் இறங்கும். தொப்பி கழலும். பிள்ளைகள் அடையாள அட்டையைப் பலகையிடம் நீட்டி, சிரிக்காமல், பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். போன மாதம் ஸ்டெல்லாவும் கையை நீட்டினாள். வருடக்கணக்காச்சு, இதை எப்போதுதான் விடப்போகிறீர்கள் என்று கேட்டேன்.

“நீங்க போய் அந்தக் கல்லைத் தொடுற வரைக்கும்” என்றாள். எனக்குப் புரியவில்லை.

“இவ்வளவு தூரம் கூட்டியாந்த மனுசன் உள்ள வர முடியாம வெளிய சுத்திக்கிட்டு இருந்தீங்க. மனசு கேக்கல. இன்னொரு தடவ இவரையும் கூட்டியாந்து தொட வைக்கிறேன்னு அங்கயே நேர்ந்துக்கிட்டேன்.”

நாலு கண்ணாடியையும் நானே ஏற்றினேன். பிறகு அவளே சொன்னாள்.

“டூர் பஸ்ல போறோம். ஜன்னல் தொறக்காத பஸ்ஸு.”