கப்பலேறிய ஏழுமலை

கிணறு தோண்டுகிறவன் தண்ணீரைக் கண்டால் நிறுத்திவிடுவான். பாட்டனைத் தோண்டுகிறவன் நிறுத்தமாட்டான். ஐயா, இந்த இனத்தை நீங்கள் பார்த்ததில்லையா? செங்கல்பட்டில் ஏதாவது ஒரு பிரௌசிங் சென்டருக்குள் எட்டிப் பாருங்கள். பிள்ளைகள் பரீட்சை முடிவு பார்க்கும் இடத்தில் ஒருவர் மட்டும் மூக்குக்கண்ணாடி திரையில் முட்ட உட்கார்ந்து, நூறு வருஷத்துக்கு முன்னால் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய கூலிகளின் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், உயரம், முழங்கால் தழும்பு வரை வாய்விட்டு வாசித்துக்கொண்டிருப்பார். அவரேதான்.

இவருக்கு வணக்கம் சொன்னால், "உங்க தாத்தாவுக்கு அப்பா பேரு இன்னா?" என்பார். பேருந்தில் சீட்டு கொடுக்கும் கண்டக்டரிடம் பூர்வீகம் விசாரிப்பார். இன்னொன்று கவனியுங்கள்: கப்பலில் போன அத்தனை பேரும் கரும்பு வெட்டத்தான் போனார்கள், இவருடைய பாட்டன் மட்டும் அவர்களை மேய்க்கப் போனார். அப்படி எங்கே எழுதியிருக்கிறது? எங்கேயும் இல்லை. இவருக்குத் தெரியும், அவ்வளவுதான்!

நம்ம திருப்போரூர் சதாசிவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். அங்கே கருவியில் முள் ஒரு கோடு நகர்ந்தால் மூன்று தடவை சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட மனுஷன், ஓய்வு பெற்றதும் பாட்டன் விஷயத்தில் முதல் ஏழுமலையைக் கண்ட மாத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். தாத்தாவின் அப்பா பெயர் ஏழுமலை. பட்டியலிலும் ஏழுமலை, அதே ஊர். போதாதா? இந்தப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை வீசினால் நாலு ஏழுமலை மேல் படும் என்பதை யார் அவரிடம் சொல்வது! பட்டியலின் அந்தப் பக்கத்தைத் தாளில் அச்செடுத்துச் சட்டம் போட்டுக் கூடத்தில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, வெள்ளிக்கிழமை தோறும் பூவும் வைத்தார்.

2003 ஆவணியில் மகள் ஸ்வாதிக்கு நிச்சயம். படூரிலிருந்து தனகோடி தன் மகன் ஹரிகிருஷ்ணனோடும் இருபது உறவுக்காரர்களோடும் வேனில் வந்து இறங்கினார். பையனும் பெண்ணும் ஒரே ஆபீஸ், ஒருவருக்கொருவர் உயிர். இரண்டு வருஷம் கெஞ்சிப் பெரியவர்களைச் சம்மதிக்க வைத்திருந்தார்கள். தட்டு மாற்ற வேண்டியதுதான் பாக்கி. சதாசிவத்தின் நாக்கு சும்மா இருந்ததா?

"சம்பந்தி, ஒரே ஒரு கேள்வி. உங்க தாத்தாவுக்கு அப்பா?"

"முனுசாமி. கப்பல்ல போயி கரும்பு வெட்டிட்டு வந்தவரு. வந்து மாமியார் வூட்டோட படூர்லயே தங்கிட்டாரு. அதுக்கு முன்னால இங்கதான், திருப்போரூர் பக்கம்."

"அவரோட அப்பா?"

"குப்பன்னு சொல்லுவாங்க."

சதாசிவம் துள்ளிய துள்ளலில் சந்தனக் கிண்ணம் கவிழ்ந்தது. சட்டத்தைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டார். "குப்பன் மகன் முனுசாமி, குப்பன் மகன் ஏழுமலை! ஒரே கப்பல், அடுத்தடுத்த நம்பர்! உங்க ஆளு அண்ணன், எங்க ஆளு தம்பி! நைனா, நாம பங்காளிங்க!"

பங்காளி என்றால் பையனும் பெண்ணும் அண்ணன் தங்கை அல்லவா? மாப்பிள்ளையின் அத்தை தட்டிலிருந்த புடவையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஸ்வாதி சுவரில் சாய்ந்து அழுதாள். சதாசிவத்துக்கு அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

மனைவி சரோஜா வந்தாள். முப்பது வருஷமாக 'ங்க' போட்டுப் பேசியவள் அன்றைக்கு அதைச் சமையலறையிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

"யோவ், கடைசிக் கட்டத்துல இன்னா எழுதிக்கீது? படி."

சதாசிவம் படித்தார். "வயசு பதினெட்டு. கல்யாணம் ஆகாதவர். போற வழியிலயே... கப்பல்ல காலமானார்."

"கல்யாணம் ஆவாம கடல்லயே பூட்ட புள்ளைக்கு நீ எப்டியா பேரன் ஆன? உங்க ஏழுமலை செங்கல்பட்டு ஏரியத் தாண்டுனதில்லன்னு உன்னப் பெத்தவங்களே எங்கிட்ட சொல்லிக்கீறாங்க."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெனம் தொடைக்கிறவ நான். மனுஷன் சந்தோஷமா கீறாரேன்னு வாய மூடிக்கினு இருந்தேன்."

ஒரு கையில் சட்டம், எதிரே மகளின் முகம். மூன்று வருஷம் பூ வைத்துக் கும்பிட்ட பாட்டனை இருபது பேர் முன்னிலையில் கைவிடுவது லேசா? சதாசிவம் சட்டத்தைத் தனகோடியிடம் நீட்டினார். "இவரு எங்க ஆளு இல்ல சம்பந்தி," என்றார். "உங்க ஆளு. உங்க முனுசாமிக்குத் தம்பி. பாவம், சின்னப் பையன். நீங்களே கொண்டுபோயி வெச்சிக்குங்க." தனகோடி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். புடவை தட்டுக்குத் திரும்பியது, தட்டும் மாறியது.

சதாசிவம் திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? பந்தியில் பாயசம் வருவதற்குள், "மச்சான், எனக்குப் பொறக்கப்போற பேரப்புள்ளைங்க கப்பல்காரர் வம்சமாக்கும்!" என்று பக்கத்து இலைக்காரரைப் பிடித்துக்கொண்டார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் மேலே முனுசாமி என்று வந்த இடத்தில், "அட, எங்க குடும்பத்திலும் ஒரு முனுசாமி உண்டே, அவரும் எங்கேயோ போய்விட்டு வந்ததாகச் சொல்வார்களே" என்று ஒரு கணம் உங்களுக்குத் தட்டியதா இல்லையா? தட்டியிருந்தால், வீட்டில் கல்யாண வயதில் பிள்ளை இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.