மனைவியின் தொண்டைக்கு வைத்தியம்

மனைவியின் குரல் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே வருகிறது, இதற்கு மேலும் தள்ளிப்போட்டால் ஆபத்து, டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போயே தீருவது என்று நாடி மெக்கானிக் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவெடுத்தார். மனைவியிடம் சொல்வதற்கு முன், சவரம் செய்துகொண்டே கண்ணாடியிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். கண்ணாடி மறுத்துப் பேசவில்லை. அதுவே பெரிய தைரியமாக இருந்தது.

நாடி என்பது பட்டறைக்கு வருகிறவர்கள் வைத்த பெயர். மற்ற மெக்கானிக்குகள் வண்டியின் வயிற்றைப் பிளந்து பார்த்த பிறகுதான் கோளாறு என்னவென்று சொல்வார்கள். இவர் நீளமான ஒரு ஸ்குரூடிரைவரை எடுத்து, முனையை ஓடுகிற எஞ்சின்மேல் வைப்பார். கைப்பிடியைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். பக்கத்தில் நிற்கும் வண்டிக்காரர் மூச்சுக்கூட விடமாட்டார். "மூணாவது சிலிண்டர்" என்பார் நாடி. பிரித்துப் பார்த்தால் மூன்றாவது சிலிண்டராகத்தான் இருக்கும். பட்டறையில் இருந்த கருவிகளுக்கெல்லாம் மேலான கருவி அந்தக் காதுதான். அதை நம்பித்தான் ஜனங்கள் வந்தார்கள், அதை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அந்தக் காதை அவர் வைத்துக்கொண்ட லட்சணம் தனிக்கதை. பட்டறையில் தகடு அறுக்கும் மெஷின் நாள் முழுக்க அலறும். காதை மூடிக்கொள்ள ஒரு கவசம் வாங்கினார். வாங்கிய கையோடு ஆணியில் மாட்டினார். அதன் ஒரு குழியில் நட்டும் இன்னொரு குழியில் போல்ட்டும் போட்டு வைத்திருந்தார். காதை மூடிவிட்டால் எஞ்சின் பேசுவது எப்படிக் கேட்கும் என்பது அவர் கட்சி. காது அரித்தால் அந்த நேரத்தில் கையில் எது இருக்கிறதோ அது உள்ளே போகும். தீக்குச்சி போயிருக்கிறது, பைக் சாவி போயிருக்கிறது. பட்டறை வெல்டர் சொன்னாரென்று சுடச்சுட எண்ணெயும் போயிருக்கிறது. இத்தனைக்கும் பிறகு காது இருந்த இடத்திலேயே இருந்தது. அதைத் தன் உடம்பின் உறுதிக்கு அத்தாட்சியாக அவர் எடுத்துக்கொண்டார்.

ஆகவே கோளாறு வேறெங்கோ இருக்க வேண்டும். வெல்டர் பேசினால் கேட்கிறது. லாரி போனால் கேட்கிறது. மனைவி பேசினால் மட்டும் வாக்கியத்தின் தோல்தான் வந்து சேருகிறது, சதை வருவதில்லை. டிவியில் செய்தி வாசிக்கும் பெண்ணும் இப்போதெல்லாம் முனகுகிறாள். கல்யாணமாகிப் போன மகள் போனில் முனகுகிறாள். வாசல் மணி அடிக்கவில்லை என்று புது மணி வாங்கி மாட்டினார், அதுவும் ஊமையாக இருந்தது. குக்கர் விசில் அடிப்பதையே நிறுத்திவிட்டது. உலகத்தில் பாதி ஒரே சமயத்தில் ரிப்பேராகிவிட்டதே என்று அவர் வருத்தப்பட்டாரே தவிர, மீதிப் பாதியில் இருந்த தன் காதைச் சந்தேகப்படவில்லை.

இதில் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அவர் மனைவி ஆரம்பப் பள்ளிக்கூடத்து டீச்சர். ஒன்றாம் வகுப்பில் அவர் "உஷ்" என்றால் மூன்றாம் வகுப்பு அடங்கும்.

"உன் குரல் ரொம்ப இறங்கிப்போச்சு. டாக்டர்கிட்ட காட்டிடலாம்."

"என் குரலா?"

"என்ன?"

"என் குரலான்னு கேட்டேன்."

"பாத்தியா, இதுவே பாதிதான் கேட்டுச்சு. அந்த அளவுக்கு முத்திப்போயிருக்கு."

டீச்சர் திருத்திக்கொண்டிருந்த பரீட்சைத் தாளின்மேல் சிவப்புப் பேனாவை வைத்தார். பின்பு, சரிங்க, போகலாம் என்றார். கல்யாணமான நாளிலிருந்து நாடி சொன்ன எதற்கும் முதல் தடவையிலேயே சரி என்று பதில் வந்ததில்லை. அதை அவர் வெற்றி என்று நினைத்தார். அந்த இடத்திலேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

காது, மூக்கு, தொண்டை மூன்றுக்கும் ஒரே டாக்டரம்மா. அவருடைய பையன் டீச்சரின் வகுப்பில் படித்தான். போவதற்கு முந்தின நாள் டீச்சர் டாக்டரம்மாவுக்குப் போன் செய்து விலாவாரியாகப் பேசியது நாடிக்குத் தெரியாது. இத்தனைக்கும் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துதான் பேசினார்.

டாக்டரம்மா டீச்சரின் தொண்டைக்குள் டார்ச் அடித்து 'ஆ' சொல்லச் சொன்னார். டீச்சர் சொன்னார். வெளியே காத்திருந்தவர்களில் ஒருவர் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் தவறவிட்டார். டாக்டரம்மா முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, இது யோசிக்க வேண்டிய விஷயம் என்றார். குரலை அளக்க வேண்டுமென்றால் கேட்கிறவருடைய காது குறையே இல்லாத காதாக இருக்க வேண்டும், அப்படி ஒரு காதுக்கு எங்கே போவது என்று கவலைப்பட்டார்.

"எங்கயும் போக வேண்டாம் டாக்டர்" என்றார் டீச்சர். "இவர் காது மாதிரி இந்த ஊர்லயே கிடையாது. இதையே வெச்சு அளந்துடுங்க."

அதை மட்டும் டீச்சர் நன்றாக நிறுத்தி, உரக்கச் சொன்னார். நாடிக்கு நெஞ்சு அரை அடி நிமிர்ந்தது. தானே எழுந்து போய் நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து காதைக் காட்டினார்.

டாக்டரம்மா இடுக்கியை விட்டு எடுத்ததையெல்லாம் ஒரு தட்டில் வரிசையாக வைத்தார். அழுக்கு உருண்டைகளுக்கு நடுவில் ஒரு தீக்குச்சியின் தலையும் இருந்தது. காது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும், நீங்கள் உதவிக்குப் போகாமல் இருந்தால் போதும் என்றார் டாக்டரம்மா. கிரீஸ் துடைக்காத பேரிங்கைப் பார்ப்பதுபோல் நாடி அந்தத் தட்டைப் பார்த்தார். அடைப்பு போனதும் உலகம் கொஞ்சம் பளிச்சென்று கேட்டது. மனைவி மட்டும் இன்னும் முனகிக்கொண்டுதான் இருந்தார்.

அடுத்தது கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை. உள்ளே அவரை உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண் மெஷினின் குமிழைத் திருப்பிக்கொண்டிருந்தார். முதலில் வந்த சத்தம் தூரத்தில் நின்று ஓடுகிற டீசல் வண்டி மாதிரி இருந்தது. நாடி அழுத்தினார். அடுத்தது கொஞ்சம் சன்னம். அழுத்தினார். இதற்கு ஒரு பரீட்சையா என்று சிரித்துக்கொண்டார். பிறகு ஒன்றும் வரவில்லை.

அந்தப் பெண் குமிழைத் திருப்பினார், காத்திருந்தார். மறுபடி திருப்பினார், காத்திருந்தார். ஹெட்போனுக்குள் அமைதியாக இருந்தது. இடைவேளை விட்டிருக்கிறார்கள் என்று நாடி முதலில் நினைத்தார். இடைவேளை நீண்டுகொண்டே போனபோதுதான் அவருக்கு உறைத்தது. சத்தம் வருகிறது, தனக்குத்தான் கேட்கவில்லை. நாடிக்குக் காது போச்சாம் என்று ஒரு டிரைவர் இன்னொரு டிரைவரிடம் சொன்னால் போதும், பட்டறைக்குப் பூட்டுதான். அவர் நிஜமாகவே பயந்துபோனார்.

ஆனாலும் மெக்கானிக் மெக்கானிக்தான். சத்தம் கேட்காவிட்டால் என்ன, சத்தத்தைக் கிளப்புகிற பாகம் அசைந்துதானே ஆக வேண்டும்? ஜன்னலை உற்றுப் பார்த்தார். அந்தப் பெண் குமிழைத் திருப்பும்போதெல்லாம் அவருடைய வலது தோள் இம்மி உயர்ந்தது. தோள் உயர்ந்தால் நாடி அழுத்தினார். தோள், அழுத்து. தோள், அழுத்து. வெளியே வந்தபோது வேர்த்து வழிந்தது, ஆனால் முகத்தில் முதல் மார்க் வாங்கிய களை இருந்தது.

டாக்டரம்மாவும் மெஷின்காரப் பெண்ணும் டீச்சரும் தலைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஏதோ பேசினார்கள். நாடி எட்ட நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பதுபோல் புன்னகை செய்தார்.

வீடு திரும்பும் வழியில் டீச்சர் நின்று, கணவரைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"உங்க காது பிரமாதமாம். எறும்பு நடந்தாக்கூடக் கேக்குமாம். கோளாறு என் தொண்டையிலதான். வீட்டுல குரலை ஒசத்தவே கூடாது, சொன்னதைத் திருப்பிச் சொல்லவே கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாங்க. உங்களுக்கென்ன, இந்தக் காதுக்குக் கிசுகிசுன்னு சொன்னாலே போதுமே."

நாடி தலையாட்டினார். வேறு என்ன செய்ய முடியும்?

அன்றிலிருந்து டீச்சர் வீட்டில் உதட்டோடு பேசினார். சமையலறை வாசலில் வந்து நிற்பார், உதடு அசையும், பதிலுக்குக் காத்திருப்பார். 'என்ன?' என்று கேட்கலாம் என்றால், எறும்பு நடப்பதைக் கேட்கிற காதுக்கு அந்தக் கேள்வி அடுக்குமா? நாடி, "அதுக்கென்ன, செஞ்சுட்டாப் போச்சு" என்பார். எதைச் செய்வது என்று பிறகு யோசிப்பார். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். மனைவியின் கண் மேலே போனால் பரண். கீழே போனால் தரை. தன் கையைப் பார்த்தால் பாத்திரம். நாடியின் முகத்தையே பார்த்தால் ஆபத்து, எல்லாவற்றையும் செய்துவிடுவது நல்லது.

பரணை ஒழித்தார். மின்விசிறியைத் துடைத்தார். ஜன்னல் கம்பியை ஒவ்வொன்றாகத் தேய்த்தார். பட்டறையிலிருந்து வந்ததும் சட்டைகூட மாற்றாமல் பாத்திரத்தில் கைவைத்தார். ஞாயிறு மதியத் தூக்கம் போன இடம் தெரியவில்லை. ஒரு நாள் டீச்சர் அவரைப் பார்த்தபடி கொட்டாவி விட்டார். நாடி அதையும் ஓர் உத்தரவாக எடுத்துக்கொண்டு மெத்தையை வெயிலில் போட்டார். பக்கத்து வீட்டுக்காரர் அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். இவரைப் பார்த்துவிட்டு அவர் மனைவியும் வேலை ஏவ ஆரம்பித்து, அவர் வீட்டில் நிம்மதி போய்விட்டதாம்.

வீட்டு வேலையைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார். பட்டறையில் விழுந்தது அடி.

அவரையே நம்பி வருகிற டாக்சிக்காரர் ஒருவர் இருந்தார். வண்டியில் ஏதோ கிரீச்சென்று கத்துகிறது, பாருங்கள் அண்ணே என்று கொண்டுவந்து விட்டார். நாடி ஸ்குரூடிரைவரை வைத்தார், கண்ணை மூடினார். எஞ்சினின் கனத்த சத்தம் கைப்பிடி வழியாகக் கிண்ணென்று வந்தது. கிரீச் எதுவும் வரவில்லை. எஞ்சின் தங்கம், தைரியமாக ஓட்டு என்று அனுப்பிவைத்தார். சாயங்காலம் அந்த வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். கிரீச்சிட்ட பெல்ட் அறுந்து, எஞ்சின் கொதித்து, நடுரோட்டில் நின்றுவிட்டது.

டாக்சிக்காரர் சண்டை போட்டிருந்தால் நாடியும் போட்டிருப்பார். அவர் போடவில்லை. "நான் போற வழியெல்லாம் ஜனங்க திரும்பித் திரும்பிப் பாத்தாங்கண்ணே, அப்படிக் கத்துச்சு. உங்களுக்கு மட்டும் எப்படிக் கேக்காமப் போச்சு?" என்று மெதுவாகத்தான் கேட்டார். வெல்டர் தலையைக் குனிந்துகொண்டார். நாடி புது பெல்ட்டை மாட்டினார். ஆணியில் தொங்கிய கவசத்தை எடுத்து நட்டையும் போல்ட்டையும் கீழே கொட்டினார். அதைப் போட்டுக்கொள்ள வேண்டிய நாளெல்லாம் போய்விட்டதே என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டுக்குப் போனார். டீச்சர் வந்து நின்று உதட்டை அசைத்தார். நாடி இந்தத் தடவை தலையாட்டவில்லை.

"எனக்குக் காது கேக்கல" என்றார்.

"தெரியும்" என்றார் டீச்சர். வகுப்பறைக் குரல் அது. அலமாரியில் டம்ளர்கள் அதிர்ந்தன.

"உன் தொண்டை?"

"தொண்டைக்கென்ன, கல்லு மாதிரி இருக்கு."

டீச்சர் அவரை உட்காரவைத்து, எதிரில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னார். மெஷின்காரப் பெண் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாராம். சத்தமே விடாமல் மூக்கைச் சொறிந்தாராம், நாடி பட்டனை அழுத்தினார். கொண்டை ஊசியைச் சரிசெய்தாராம், அதற்கும் அழுத்தினார். சேலைத் தலைப்பை இழுத்துவிட்டதற்கு இரண்டு தடவை அழுத்தினார். அப்போதே சொல்லிவிடலாம் என்றுதான் டாக்டரம்மா துடித்தாராம்.

"நான்தான் வேண்டாம்னேன். நாங்க சொன்னா ஒத்துக்கவா போறீங்க? மெஷின் ரிப்பேர்னு சொல்லி அதையும் கழட்டிப் பாத்திருப்பீங்க. நீங்களா சொல்லணும்னு காத்துக்கிட்டு இருந்தேன். இவ்வளவு நாளாகும்னு நினைக்கல."

போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மெஷின் பக்கம் போனால் கவசம் போட வேண்டும், காதில் வைக்க ஒரு சின்னக் கருவி வேண்டும். கருவி என்றதும் நாடியின் முகம் சுருங்கியது. காதில் அதைப் பார்த்தால் எவன் வண்டியைக் கொண்டுவருவான் என்று கேட்டார்.

"கண்ணாடி போட்ட டிரைவர் வண்டியில நீங்க ஏறினதே இல்லையா?"

நாடிக்கு மனசு லேசாகிவிட்டது. இத்தனை நாள் தனியாகத் தூக்கிக்கொண்டு அலைந்ததை யாரோ கைமாற்றி வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. கிழமை பார்த்துப் போய்க் கருவியை வாங்கிவிடுவது என்று முடிவாயிற்று. அப்புறம்தான் அவருக்கு ஒரு சந்தேகம் எழுந்தது.

"இத்தனை நாளா நீ சொன்னதுக்கெல்லாம் குத்துமதிப்பாத்தான் தலையாட்டிக்கிட்டு இருந்தேன். பரண், ஃபேன், மெத்தை, எல்லாம் நீ சொன்னபடிதான் செஞ்சேனா?"

"நான் எங்கங்க சொன்னேன்? சத்தமே விடல. சும்மா உதட்டை அசைச்சேன். என்ன செய்யணும்னு முடிவு பண்ணதெல்லாம் நீங்கதான்."

நாடி தன் விரல்களைப் பார்த்தார். சோப்பில் ஊறி ஊறி, ஒரு பொட்டுக் கிரீஸ்கூட இல்லாமல் வெளுத்துப்போயிருந்தன.

"அப்ப எதுவுமே நீ சொன்ன வேலை இல்லையா?"

"இல்லைங்க. நான் சொல்ல வேண்டியது எல்லாம் அப்படியேதான் இருக்கு. முதல்ல காதுல மாட்டிக்கிட்டு வாங்க, இனிமேதான் சொல்லணும்."