ஓகே அண்ணனின் சர்வரில் கோளாறே கிடையாது

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் ஓகே அண்ணனைப் போல ஒரு பொய்யர் கிடைக்க மாட்டார். பொய் சொல்லிச் சம்பாதிப்பவர்கள் உண்டு, தப்பித்துக்கொள்பவர்கள் உண்டு. இவருக்கு அதனால் பைசா லாபம் கிடையாது. கெட்ட செய்தி வாயில் வராது, எதைக் கேட்டாலும் 'ஓகே'தான், அவ்வளவுதான். பொய்யர் என்பது அதிகப்படியோ என்று அந்தச் சொல்லை அடித்துப் பார்த்தேன். பிறகு நடந்ததை நினைத்து, மறுபடியும் எழுதிவிட்டேன்.

பெரம்பலூரில் ஒரு விதைக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். பள்ளி வேன் எங்கே வருகிறது என்று பெற்றோர் போனில் பார்ப்பதற்கான ஆப் தயாரிக்கிறோம். ஆப் கேட்கும் கேள்விக்குப் பதில் அனுப்பும் சர்வர் அவர் பொறுப்பு. அதைச் சோதித்துக் குறை கண்டுபிடிப்பது என் பொறுப்பு. எனக்கேற்ற வேலைதான். சமையல் கேஸை மூடினேனா என்று பார்க்கப் பாதி வழியில் வீடு திரும்புகிறவள் நான்.

அவருக்குச் சொந்த ஊர் மீன்சுருட்டி. டீயில் ஈ மிதந்தால் விரலால் ஒதுக்கிவிட்டு, டீ பிரமாதம் என்பார். கரண்ட் போய் ஆபீஸே இருட்டில் கிடக்கும்போது, போனில் வாடிக்கையாளரிடம் எல்லாம் ஜம்மென்று ஓடிக்கொண்டிருப்பதாகச் சொல்வார். அவருடைய ஸ்கூட்டரில் பெட்ரோல் முள் என்றோ 'முழுத் தொட்டி'யில் சிக்கி நின்றுவிட்டது. சரிசெய்யச் சொன்னால், நல்ல இடத்தில் நிற்கிற முள்ளை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று கேட்பார்.

இப்படிப்பட்டவர் கையில் ஒரு சர்வரைக் கொடுத்தால் என்ன ஆகும்? சர்வர் ஒவ்வொரு பதிலோடும் ஓர் எண்ணையும் அனுப்பும். 200 என்றால் எல்லாம் சரி. 404 என்றால் கேட்டது இங்கே இல்லை. 500 என்றால் சர்வருக்குள்ளேயே ஏதோ உடைந்துவிட்டது. உள்ளே எந்த மூலையில் எது உடைந்தாலும், அந்தச் செய்தி ஒரே வாசல் வழியாக வெளியே போகும்படி அமைப்பார்கள். உடைந்தது என்ன என்பதைப் புரியும் சொற்களில், சரியான எண்ணோடு சொல்லி அனுப்புவதற்குத்தான் அந்த வாசல். ஓகே அண்ணனோ கல்யாண மண்டபத்தில் பன்னீர் தெளிப்பவர் மாதிரி அங்கே நின்றார். எந்தக் கோளாறு வந்தாலும் முகத்தைத் துடைத்து, பொட்டு வைத்து, கையில் 200-ஐக் கொடுத்து, 'வண்டி வந்துகொண்டிருக்கிறது' என்ற வாசகத்தோடு அனுப்பிவைத்தார்.

பதிவிலேயே இல்லாத ஒரு வண்டி எண்ணைக் கொடுத்துச் சோதித்தேன். வந்துகொண்டிருந்தது. எண் கேட்ட இடத்தில் 'எருமை' என்று அடித்தேன். எருமையும் வந்துகொண்டிருந்தது.

அவரிடம் போய்ச் சொன்னேன்.

"பெத்தவங்க பார்க்கறதும்மா. செவப்பு எழுத்துல எரர்னு வந்தா பயந்துட மாட்டாங்களா?"

"வண்டி நெஜமாவே வரலன்னா?"

"வந்துடும்மா."

முதலாளிக்கோ பூரிப்பு. புகாரே வராத சர்வர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எப்படிப் புகார் வரும்? புகார் வரும் வழியைத்தான் அண்ணன் அடைத்துவைத்திருந்தாரே. எருமை விஷயத்தை முதலாளியிடமும் சொன்னேன். பள்ளியில் எருமை படிக்கிறதா என்று கேட்டார்.

எங்கள் வீடு பாடாலூரில். என் மகன் யூ.கே.ஜி. அவன் வரும் வேனும் எங்கள் ஆப்பில்தான் இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் நாத்தனார் போன் செய்தாள். மற்ற வேன்கள் எல்லாம் போய்விட்டன, நம் வேனை மட்டும் காணோம் அண்ணி என்றாள். ஆப்பைத் திறந்தேன். 'வண்டி வந்துகொண்டிருக்கிறது.' மூடித் திறந்தேன். வந்துகொண்டே இருந்தது. டிரைவர் போன் அணைந்திருந்தது. பள்ளியில் யாரும் எடுக்கவில்லை. என் கையில் மிஞ்சியது எருமைக்குக் கிடைத்த அதே பதில்.

அண்ணன் மேஜைக்கு ஓடினேன். சர்வருக்குள் நடப்பதைக் காட்டும் திரையில், அந்த வேனிலிருந்து தகவல் வரவில்லை, தகவல் வரவில்லை என்று வரி வரியாக ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே அத்தனை அலறல், வெளியே பன்னீர்.

"வந்துடும்மா" என்றார் பழக்கத்தில்.

"எங்கண்ணே வருது? எம் புள்ள எங்க இருக்கான், அதச் சொல்லுங்க."

அந்த வேன் கடைசியாகத் தெரிந்த இடத்தை அவர் திரையில் பார்த்தார். சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினார். நான் பையை எடுத்துக்கொண்டு கீழே வருவதற்குள் ஸ்கூட்டர் தெருமுனை தாண்டிவிட்டது. பஸ் பிடித்தேன்.

பஸ் பாதி வழி போயிருக்கும். அவர் போன் வந்தது.

"கெடச்சுட்டாங்கம்மா. எல்லாம் ஓகே."

இவர் சொல்லும் ஓகேயை வைத்துக்கொண்டு ஒரு தாய் என்ன செய்வாள்? "நம்ப மாட்டேண்ணே. எருமைக்கும் நீங்க ஓகேன்னுதான் சொன்னீங்க" என்று கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

பிறகு, தன் பல்லைத் தானே பிடுங்குகிறவர்போல ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"டயர் வெடிச்சிருக்கும்மா. ஸ்டெப்னிலயும் காத்து இல்ல. டிரைவர் போன்ல சார்ஜ் இல்ல. உன் மவன் வாந்தி எடுத்து சட்டையெல்லாம் நாசம். ஒரு ஷூவக் காணோம். என் வண்டியும் பெட்ரோல் இல்லாம நின்னுபோச்சு, கடைசில தள்ளிக்கிட்டுதான் வந்தேன். ஒண்ணுமே ஓகே இல்லம்மா. புள்ள மட்டும் நல்லாருக்கான்."

அப்போதுதான் நம்பினேன்.

வழியில் வேன் நின்ற இடத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடியபோது, முள் இன்னும் முழுத் தொட்டி காட்டிக்கொண்டிருந்த அந்த ஸ்கூட்டர்மீது, அண்ணனின் சட்டையைப் போட்டுக்கொண்டு என் மகன் உட்கார்ந்திருந்தான். பனியனோடு நின்ற அண்ணன் என்னைப் பார்க்காமல், காணாமல்போன ஷூவை வேனுக்கடியில் தேடிக்கொண்டிருந்தார்.

மறுநாளே அந்த வாசலை அவர் மாற்றி எழுதினார். 'இந்த வண்டி இப்போது எங்கே என்று எங்களுக்குத் தெரியவில்லை. கடைசியாகப் பார்த்த இடம் இது. பேச வேண்டிய எண் இது' என்று சொல்கிறது சர்வர். எருமைக்கு 404. புகார் சொல்ல ஆபீஸ் போன் ஓயாமல் அடிக்கிறது, முதலாளி முகத்தில் பூரிப்பு போய்விட்டது.

அண்ணன் இப்போது சென்னையில் வேறு வேலையில் இருக்கிறார். அவ்வப்போது போன் செய்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பேன். ஓகேம்மா என்பார். நான் போனை வைப்பதில்லை. மீதியையும் அவர் சொல்லும்வரை பேசாமல் காத்திருப்பேன்.