நடந்தால் ஜெயிக்கும் போக்கர்

ஆல்போர்க் நகரில் மனைவி மக்களோடு வாழும் அன்புத் தம்பி தோர்கிலுக்கு, ஸ்வென்போரிலிருந்து அண்ணன் எகான் ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி போடிலும் சுகம். நாய்க்கும் எனக்கும் மட்டும் பேச்சுவார்த்தை இல்லை. அதற்கும் நீதான் காரணம்.

பாட்டு வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றது முதல் நான் கம்ப்யூட்டரில் போக்கர் ஆடுவதும், ஆடி ஆடித் தோற்பதும் உனக்குத் தெரியும். முகம் தெரியாத பயல்களெல்லாம் "தாத்தா, தூக்கம் வந்தா போய்ப் படுங்க" என்று எழுதுவதைத்தான் தாங்க முடியவில்லை. போடிலும், "எகான், ஒண்ணு ஒழுங்கா ஆடக் கத்துக்கோ, இல்ல அந்தச் சனியனைத் தலைமுழுகு" என்று சொல்லிவிட்டாள். அப்போதுதான் உன்னிடம் யோசனை கேட்டேன். நீயும் போனில், "அண்ணே, உனக்கு வியாதி ரெண்டு. கண்ட சீட்டையும் வச்சு ஆடுற. தோத்தா கோபத்துல இன்னும் ஆடுற. சீட்டு சரியில்லேன்னா கவுத்துப் போடு. கோபம் வந்தா எழுந்து நடந்துட்டு வா" என்று பெரிய டாக்டர் மாதிரி சொன்னாய்.

கவிழ்த்தேன் தம்பி. கவிழ்த்துக் கவிழ்த்து அதுவே கைப்பழக்கமாகி, ஒருநாள் ஜோடியாக வந்த இரண்டு ஏஸையும், இருப்பதிலேயே பெரிய சீட்டுகளை, கவிழ்த்துவிட்டேன். வந்த கோபத்தில் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு, நாயை இழுத்துக்கொண்டு துறைமுகம்வரை நடந்தேன். திரும்பி வந்து பார்த்தால், திரையில் என் பக்கம் பந்தயச் சில்லுகள் குவிந்து கிடக்கின்றன! நாம் இல்லாதபோது கம்ப்யூட்டர் தானாகவே ஆடிக்கொள்ளும் போல, இந்தக் காலத்தில் எதுதான் தானாக நடக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அதன்பிறகு சின்னக் கோபத்துக்கும் நீண்ட நடை, திரும்பி வந்தால் வெற்றி. மழையிலும் இழுத்துக்கொண்டு போனதில், வாரை எடுத்தாலே நாய் சோபாவுக்கு அடியில் புகுந்துகொள்ள ஆரம்பித்தது. வெறும் வாரோடு நடந்த என்னைப் பார்த்து அடுத்த வீட்டு கெட்டி அம்மாள், "எகான், நாய் எங்கப்பா?" என்று பயந்துபோய்க் கேட்டாள். "அதுக்கு இஷ்டமில்ல. நான் ஜெயிக்கணும்ல?" என்றேன். அவள் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிட்டாள்.

இப்படி என் பெயர் ஊரில் பரவி, சீட்டுக் கழகத் தலைவர் வெர்னர் நேரில் வந்து, பக்கத்து ஊரான ஓடென்ஸ்காரர்களோடு நடக்கும் போட்டியில் என்னைச் சேர்த்துக்கொண்டார். உன் அண்ணியையும் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்கே போனோம். முதல் ஆட்டம் தோற்றேன். நீ சொன்ன விதிப்படி எழுந்தேன். "எங்கய்யா போற?" என்றார் வெர்னர். "நடக்க." "இப்பவா?" நான் அந்த ஊர்த் துறைமுகத்தைச் சுற்றிவிட்டு வந்தால், இருந்த சில்லும் கரைந்திருக்கிறது; ஆள் இல்லாவிட்டாலும் சுற்றுக்குச் சுற்று பந்தயம் பிடித்துக்கொள்வார்களாம். மறுபடி நடந்தேன், இன்னும் கரைந்தது. பன்றி வறுவல் மேசைக்கு வருமுன் நான் காலி. வெர்னர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மூலையில் காப்பிக் கோப்பையோடு இருந்த உன் அண்ணி மட்டும் கண்ணீர் வரச் சிரித்தாள்.

காரில்தான் விஷயம் வெளியே வந்தது. "நீ நடக்கக் கிளம்பினதும் நான்தான் உட்கார்ந்து ஆடுவேன், எகான்."

"உனக்கு என்ன தெரியும்? நீ பல் டாக்டர்!"

"'தினமும் ரெண்டு வேளை தேய்க்கிறேன் டாக்டர்'னு சொல்றவங்களையே பார்த்து வாழ்ந்தவ நான். எவன் கதை விடுறான்னு தெரியாதா?"

"திரையில எங்கே முகம் தெரியுது?"

"பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கிறான்னு தெரியுதே, அது போதும்."

"அப்ப ஏன் என்கிட்ட சொல்லல?"

வண்டியை ஓட்டியவள் வேகத்தைக் குறைத்தாள். பிறகு, "ஜெயிக்க ஆரம்பிச்சதிலேருந்து, நடந்துட்டு வாசல்ல நுழையும்போதே விசில் அடிச்சுக்கிட்டு வருவே. வேலையை விட்டதுக்கப்புறம் அதுவரைக்கும் நீ விசில் அடிச்சே நான் கேட்டதில்ல" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. நடக்கலாம் என்றால் காரில் இருக்கிறேன். வீடு வருவதற்குள் கோபமும் போய்விட்டது.

ஆகையால் தம்பி, போக்கரை இன்றோடு விட்டுவிட்டேன். இனி ஆட்டம் அவளுக்கு, பியானோ எனக்கு. உன் யோசனைகளை உன் வீட்டுக்குள்ளேயே பத்திரமாக வைத்துக்கொள். உன் மனைவிக்கு எங்கள் அன்பு. குழந்தைகள் நன்றாகப் படித்து, சீட்டைத் தொடாமல் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
அண்ணன் எகான்

பி.கு.: கடித உறையை ஒட்டப் போகும் நேரத்தில் வெர்னர் போன் செய்தார். ஓடென்ஸ்காரர்கள் மறுபடி ஒரு போட்டி கேட்கிறார்களாம். எங்கள் அணியில் யார் வந்தாலும் வராவிட்டாலும் நான் கட்டாயம் வர வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறார்களாம். எதிராளிக்கே என் ஆட்டத்தின் அருமை தெரிந்திருக்கிறது பார்! ஒப்புக்கொண்டுவிட்டேன். அண்ணியிடம் மூச்சு விடாதே. வேறு ஏதாவது யோசனை இருந்தால் உடனே எழுது.